குடைக்கு அடியில் நகராத முள்

எந்தக் காலத்து ராஜா என்று கேட்காதீர்கள். ராஜாவும் இருந்தார், சோலார் பேனலும் இருந்தது, அவ்வளவுதான்.

குடைமங்கலத்து ராஜா சண்டப்பிரசண்ட பூபதிக்குத் தம் வெண்கொற்றக் குடைமேல் அப்படியொரு பிரியம். குளிக்கும்போதும் குடை. தூங்கும்போதும் குடை. அவர் பார்வைக்கு வரும் எந்தப் பொருளும் குடைக்கு அடியில்தான் வர வேண்டும். பட்டத்து யானை வந்தால் தலை மட்டும் வரும். "குடையைக் கொஞ்சம் நகர்த்துங்கள்" என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். ஆட்சியைக் கவிழ்க்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தமாம்.

ஒரு நாள் உச்சி வெயிலில் இருளாண்டி என்பவன் அரண்மனை முற்றத்துக்கு வந்தான். கையில் சிலேட்டு அளவுக்கு ஒரு சோலார் பேனல், ஒரு மீட்டர், நீளமாக ஒயர். பிரசவ விடுதிக்கு விளக்குப் போட்டுத் தருவதாக ராஜாவிடம் சொல்லியிருந்தான். அங்கே அதுவரை எரிந்தது எண்ணெய் விளக்கு. எண்ணெய் கொடுப்பவர் அமைச்சர் தாண்டவராயரின் மைத்துனர். பாதிப் பிரசவத்தில் விளக்கு அணைந்துபோகும், அப்படிப்பட்ட எண்ணெய்.

"சோதித்துக் காட்டு," என்றார் அமைச்சர். "மீட்டர் முள் நகர்ந்தால் விளக்கு. நகராவிட்டால் மொட்டை, கழுதை, எல்லைக்கு அப்பால். பெண்டாட்டி பிள்ளையோடு."

"ஆகட்டும் சாமி. இதை வெயிலில் வைத்தால்..."

"வெயிலிலா? ராஜா பார்வைக்கு வருவது எங்கேடா இருக்க வேண்டும்?"

இருளாண்டி பேனலைக் குடைக்கு அடியில் வைத்தான். மீட்டரை ஆம்பியருக்குத் திருகினான். சிவப்பு ஒயரைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் தொட்டான். முள் படுத்தது படுத்தபடி கிடந்தது.

"பெயர்ப் பொருத்தம் பிரமாதம்!" என்று அமைச்சர் கெக்கலித்தார். "பிடித்துவா கழுதையை!"

அரசவை விகடகவி கோமளவல்லி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். விளக்கு அணைந்த இருட்டில் பிறந்த பிள்ளை அது.

"மகாராஜா, வாழ்த்துகள்!" என்றாள்.

ராஜா விழித்தார். "எதற்கம்மா?"

"முள் நகரவே இல்லையே! உங்கள் குடைக்குள் ஒரு பொட்டு வெயில்கூட நுழையவில்லை என்று மீட்டரே சாட்சி சொல்லிவிட்டதே!"

ராஜாவின் மீசை பூரித்தது.

"அபத்தம்!" என்று குதித்தார் அமைச்சர். "நல்ல பேனலாக இருந்தால் இந்நேரம் முள் ஆடியிருக்க வேண்டும்!"

"எங்கே, குடைக்கு அடியிலா?"

"ஆமாம், இதோ, இங்கேயேதான்!"

"ஐயையோ, மெல்லப் பேசுங்கள் அமைச்சரே. இங்கே முள் ஆடினால் குடையில் ஓட்டை என்றல்லவா ஆகும்? மகாராஜா குடை ஓட்டையாக இருக்க வேண்டுமென்றா ஆசைப்படுகிறீர்கள்?"

ராஜா அண்ணாந்து குடையைப் பார்த்தார். பிறகு அமைச்சரைப் பார்த்தார். குடைபிடிப்பவன் இருவரையும் பார்க்காமல் தூணைப் பார்த்தான்.

"நா... நான் அப்படிச் சொல்ல வரவில்லை..."

"மகாராஜா," என்றாள் கோமளவல்லி, "குடையின் பெருமை முழுசாகத் தெரிய வேண்டாமா? வெளியே எவ்வளவு வெயில் என்றும் அளந்துவிடலாம். குடை நகரவே வேண்டாம். உங்கள் பார்வைக்கு வர வேண்டியது முள்தான். அது இங்கேயே, உங்கள் நிழலிலேயே இருக்கட்டும். பேனல் மட்டும் வெளியே போகட்டும். ஒயர்தான் நீளமாக இருக்கிறதே!"

"பேஷ்! செய்!"

இருளாண்டி ஓடிப்போய்ப் பேனலைச் சூரியனுக்கு நேராகச் சாய்த்தான். முள் துள்ளி மறுகோடியில் போய் இடித்தது.

"அடேயப்பா! வெளியே இவ்வளவு வெயிலா!" என்றார் ராஜா. "உள்ளே கொண்டுவா!" முள் படுத்தது. "வெளியே!" துள்ளியது. "உள்ளே! வெளியே!" ராஜா கைதட்டினார். கோமளவல்லியின் குழந்தையும் கைதட்டியது.

ஆசை தீர விளையாடிவிட்டு ராஜா சொன்னார்: "இருளாண்டி, இன்றைக்கே பிரசவ விடுதியில் இந்த விளக்கு எரிய வேண்டும். வேறென்ன வேண்டும் கேள்."

"ராத்திரிக்கும் எரிய பேட்டரி நிறைய வேண்டும். அதற்குப் பேனலைப் பகலெல்லாம் சூரியனைப் பார்த்துத் திருப்பிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும் மகாராஜா."

"அதற்கென்ன? முள் ஆட வேண்டும் என்பதில் தாண்டவராயருக்குத்தான் அக்கறை அதிகம். அவரே பிடிக்கட்டும்."

அமைச்சர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "மகாராஜா... மேகம் மூடிவிட்டால்?"

கோமளவல்லி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"கவலையே வேண்டாம் அமைச்சரே. முள் படுத்துக்கொள்ளும். நீங்களும் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம்."

ராஜா சிரித்த சிரிப்பில், அத்தனை வருஷத்தில் முதல்முறையாக, குடை நகர்ந்தது.