எண்ணெய் படாத பக்கம்

பூவராகன் ஒன்றைப் பிடித்தால் கரைகண்டுவிட்டுத்தான் ஓய்வார். தகட்டைக் கிண்ணமாக அமுக்கும் டை என்ற இரும்பு அச்சு ஒன்றைச் செய்திருந்தார். கிண்ணம் கிழிந்துகொண்டே இருந்தது. உராய்வுதான் எதிரி என்று முடிவுகட்டி, விதவிதமான எண்ணெய் தடவித் தகட்டுப் பட்டையை இறுக்கிப் பிடித்து இழுத்து இழுத்து அளந்தார். கடைசியில் உராய்வு காட்டும் கருவியின் முள் அசையவே மறுக்கும் ஓர் எண்ணெய் கிடைத்தது. மனுஷன் துள்ளிக் குதிக்காத குறைதான்.

அதைத் தகட்டின் இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசினார். கிண்ணம் அடியோரத்தில் கிழிந்தது. இன்னும் பூசினார். இன்னும் அழகாகக் கிழிந்தது!

சாயங்காலம் டையை வாங்குபவர்கள் பார்க்க வருகிறார்கள். முழுசாக ஒரு கிண்ணம் காட்டாவிட்டால் டை பழைய இரும்புக்குத்தான். நேரே கோமளவல்லியிடம் போனார். வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனால் உராய்வை அளக்கும் அந்தக் கருவியையே செய்தவள். பூவராகனுக்கு அவள்தான் குரு, அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

"மேடம், உராய்வை ஒழிச்சே கட்டிட்டேன். அப்புறமும் ஏன் கிழியுது?"

யாரோ பண்ருட்டியிலிருந்து கொண்டுவந்த பலாப்பழம் மேசையில் இருந்தது. அவள் கத்தியின் அலகிலும் பிடியிலும் எண்ணெயை வழிய வழியத் தடவி நீட்டினாள்.

"வெட்டுங்க சார்."

கத்தி பழத்தில் இறங்கி நின்றது. இழுத்தார். கை மட்டும் வெறுமனே வந்தது.

"அட, பிடியில போய் யாராவது எண்ணெய் தடவுவாங்களா?"

"நீங்க தடவியிருக்கீங்களே."

தகட்டைத் தள்ளும் பக்கமும் ஒரு பிடிதானே என்று பூவராகனுக்கு உறைத்தது. டையை அமுக்கும் பிரஸ் இயந்திரத்துக்கு ஓடினார். தகட்டை உள்ளே தள்ளும் பஞ்ச்சைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். தகட்டில் டை தொடும் பக்கம் மட்டும் எண்ணெய். பஞ்ச் தொடும் பக்கம் காய்ந்தே இருந்தது. பிரஸ் இறங்கியது. கிண்ணம் முழுசாக வந்தது. இந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள் என்று வாய்விட்டே சொன்னார்.

வந்தவர்கள் கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். டை பிழைத்தது.

அவர்கள் போனதும் பூவராகன் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். முகம் கொஞ்சம் வாடியது.

"வெளியே கண்ணாடியாட்டம் மின்னுது மேடம். உள்ளேதான் மங்கல், கீறல் கீறலா இருக்கு."

கோமளவல்லி உள்ளே விரலை வைத்து மெல்லத் தடவினாள்.

"அங்கேதானே சார் பஞ்ச் கிழிய விடாம பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு."