வேலாத்தாள் போட்ட சருகு

ஆவாரங்குளத்துக் கரையில் இரண்டு முள்ளம்பன்றிகள் வாழ்ந்து வந்தன. மனைவியின் பெயர் வேலாத்தாள். கணவனின் பெயர் சடையன்.

சடையனுக்கு மூச்சிரைப்பு. பத்தடி நடந்தால் நின்றுவிடுவான். மார்புக்குள் சீழ்க்கை அடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கும். வாரம் இரண்டு முறை தூதுவளைச் சாறு குடித்தால்தான் அவனால் கிழங்கு தோண்ட முடியும். ஏன், படுத்துத் தூங்கவே முடியும்.

சாறு பிழிந்து கொடுத்தவர் மருதையன் என்ற கீரி. அவர்தான் குளத்து வைத்தியர்.

ஆவாரங்குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு மருந்து முறை என்று பெயர். கரையில் இருபத்து மூன்று வீடுகள். நாளுக்கு ஒரு வீடு காட்டைச் சுற்றி மூலிகை கொண்டுவர வேண்டும். அதற்குப் பதிலாகக் கரையில் யாருக்கு நோவு வந்தாலும் மருதையன் பார்ப்பார். மானுக்கும் பார்ப்பார், தவளைக்கும் பார்ப்பார். வேறு குளத்துக்காரர்களைப் பார்க்க மாட்டார். அது விதி.

தூதுவளை பாறைக் கரட்டுச் சரிவில் மட்டும்தான் முளைத்தது. கொடி முழுக்க முள். மற்றவர்கள் கிட்டப் போகவே பயந்தார்கள். வேலாத்தாளுக்கு முள் ஒரு பொருட்டா? தன் முறைக்கும் போவாள், அடுத்தவர் முறைக்கும் போவாள். பன்னிரண்டு மழைக்காலம் ஒரு நாளும் தவறியதில்லை.

கரட்டுச் சரிவுக்கு மேலே கரட்டுக்குளம். அங்கேதான் அவள் தங்கை பாவாயி வாழ்க்கைப்பட்டிருந்தாள். கரட்டில் வள்ளிக்கிழங்கு கொட்டிக் கிடந்தது. வேலாத்தாள் தழை பறிக்க வரும்போதெல்லாம் பாவாயி மேலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"அக்கா! எங்க வளைக்கு மூணாவது வாசல் வெச்சாச்சு! உங்களுக்கு இன்னும் ஒரே வாசல்தானா?"

"ஒண்ணு போதும்டி. நாங்க என்ன சத்திரமா நடத்தறோம்?"

பேச்சில் வேலாத்தாள் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. தன் வாசலில் நின்று அதன் அகலத்தைப் பார்ப்பாள். பிறகு தன்னையே தேற்றிக்கொள்வாள். 'மூணு வாசல் இருந்தா என்ன? அவளுக்கு ஒரு வைத்தியர் உண்டா? எனக்கு உண்டு!'

தங்கையிடம் இல்லாமல் தன்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் காலை, அத்திமரத்தில் மரங்கொத்தி வந்து உட்கார்ந்து டக் டக் டக்கென்று தட்டியது. சபையின் செய்தி என்றால் அப்படித்தான் தட்டும். எல்லாரும் கூடினார்கள்.

"பெருங்காட்டுச் சபையின் புதிய ஏற்பாடு!" என்றது மரங்கொத்தி. "இனி ஐந்து குளத்துக்கும் ஒரே மருந்து முறை! எல்லாக் குளத்துக்காரர்களும் மூலிகை கொண்டுவர வேண்டும். எந்த வைத்தியரும் எந்தக் குளத்து நோயாளியையும் பார்க்க வேண்டும். ஐந்தில் மூன்று குளம் சம்மதித்தால் ஏற்பாடு நடக்கும். இரண்டு குளம் சம்மதம் சொல்லிவிட்டது. இரண்டு குளம் மறுத்துவிட்டது. உங்கள் குளம்தான் இன்னும் இலை போட்டு முடிவு சொல்ல வேண்டும்!"

"அடேயப்பா!" என்றது வாயாடித் தவளை. "காடே நம்ம இலையை நம்பித்தான் நிக்குதா? அப்ப எனக்கு நல்ல பெரிய இலையா பாத்துக் குடுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். மரங்கொத்தி சிரிக்கவில்லை.

"நாளைச் சாயங்காலம் வீட்டுக்கு ஒரு இலை. பச்சை இலை சம்மதம். சருகு மறுப்பு. ஏதாவது குறை இருந்தால் இலை போடுவதற்கு முன் சொல்லுங்கள். திருத்தம் செய்யச் சபை எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறது."

வீட்டுக்கு வந்ததும் வேலாத்தாள் சடையனிடம் சொன்னாள்: "மாமா, எனக்குப் பயமா இருக்கு. அஞ்சு குளத்துக்காரங்களும் மருதையன் வாசல்ல வந்து நின்னா, உங்க முறை எப்ப வரும்?"

சடையன் மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தான். "நியாயமான பயம்தான் புள்ள. நாளைக்கு அதையே கேட்டுப்போடு. ரொம்ப நாள் நோயாளிக்கு முதல் இடம் குடுப்பீங்களா, மாட்டீங்களான்னு கேளு. கேக்கறதுல என்ன?"

"கேக்கறேன்."

உண்மையிலேயே கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் மறுநாள் விடிந்ததும் தழை பறிக்கக் கரட்டுச் சரிவுக்குப் போனாள். பாவாயி மேலே காத்திருந்தாள்.

"அக்கா! சேதி தெரியுமா? இனிமே உங்க மருதையன் எங்களுக்கும் வைத்தியர்! நான் ஒரு நாளாவது மருந்து முறை பாத்திருக்கேனா? பாரு, உக்காந்த இடத்துக்கே வருது!"

வேலாத்தாளின் முள்ளெல்லாம் தானாகச் சிலிர்த்தது. பறித்த தூதுவளை கையில் கசங்கியது.

'மூணு வாசலும் அவளுக்கு. கிழங்கும் அவளுக்கு. இப்போ வைத்தியரும் அவளுக்கா? அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு?'

வழியெல்லாம் அவள் காதில் சடையனின் சீழ்க்கை மூச்சு கேட்கவில்லை. பாவாயியின் சிரிப்புதான் கேட்டது.

சாயங்காலம் அத்திமரத்தடியில் கூட்டம். வேலாத்தாள் எழுந்தாள். அவள் அதிகம் பேசாதவள். வேலையில் தவறாதவள். அதனால் அவள் எழுந்ததும் எல்லாரும் அமைதியானார்கள்.

"நாம பாடுபட்டுக் கட்டின ஏற்பாடு இது. மழையோ வெயிலோ, முறை தவறாம தழை கொண்டுவந்தோம். இருக்கறது ஒரே மருதையன். அஞ்சு குளமும் வந்து வாசல்ல நின்னா நம்ம நோயாளி எங்க நிப்பான்?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "சரியாத்தான் சொல்றா!" என்றது மான்.

மரங்கொத்தி தலையை ஆட்டியது. "நல்ல கேள்வி. என்ன திருத்தம் வேண்டும்? சொல்லுங்கள்."

வேலாத்தாளுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. 'ரொம்ப நாள் நோயாளிக்கு முதல் இடம்.' ஐந்து சொல்தான். ஆனால் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கொடுத்துவிட்டால் பச்சை இலைதான் போட வேண்டும். பச்சை இலை ஜெயித்தால் பாவாயி மருதையன் வாசலுக்கு வந்துவிடுவாள்!

"திருத்தம் எதுவும் வேண்டாம்," என்றாள். "இந்த ஏற்பாடே வேண்டாம்!"

பின்னால் உட்கார்ந்திருந்த சடையன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மரப்பொந்தில் இலைகள் விழுந்தன. மரங்கொத்தி எடுத்துப் பார்த்தது. பச்சை பதினொன்று. சருகு பன்னிரண்டு.

சருகு போட்ட மற்றவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. வேலாத்தாள் சொன்ன பயத்தை நம்பிப் போட்டார்கள். அந்தப் பயமும் பொய்யல்ல. அவள் ஒருத்தி மட்டும்தான் வேறொன்றுக்காகப் போட்டாள்.

மூன்றாம் நாள் அவள் கரட்டுச் சரிவுக்குப் போனாள். சரிவின் அடியில் நான்கு காட்டுப்பன்றிகள் நின்றன.

"நில்லு! எங்க போறே?"

"தூதுவளை பறிக்க. எப்பவும் வர்றதுதானே?"

"எப்பவும் வந்தே, நாங்களும் விட்டோம். இப்போ உங்க வைத்தியர் உங்களுக்கு மட்டும்னு சொல்லிட்டீங்க. அப்ப எங்க தழையும் எங்களுக்கு மட்டும்தான். நேத்துச் சாயங்காலம் எங்க குளத்துல முடிவு பண்ணியாச்சு. போ போ!"

அந்தச் சரிவு கரட்டுக்குளத்துக்குச் சொந்தம் என்பதை வேலாத்தாள் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. பறித்தது தன் உழைப்பு. விளைந்தது யார் மண்ணில் என்று அவள் கேட்டதே இல்லை. அவள் மட்டுமல்ல, ஆவாரங்குளத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

வெறுங்கையோடு திரும்பி மருதையனிடம் போனாள்.

"வைத்தியரய்யா, வேற தழை ஏதாச்சும்..."

மருதையன் கையை விரித்தார். "இந்த நோவுக்கு வேற தழை எனக்குத் தெரியாதும்மா. பிழிய எனக்குக் கை இருக்கு. கையைப் பிழிஞ்சா சாறு வருமா?"

முதல் வாரம் சடையன் கிழங்கு தோண்டுவதை நிறுத்தினான். இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் சீழ்க்கைச் சத்தம் வளைக்கு வெளியேயும் கேட்டது. மூன்றாம் வாரம் அவனால் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. வேலாத்தாள் கிழங்கை மென்று கூழாக்கிக் கொடுத்தாள். பாதியை விழுங்கினான், பாதியை இருமித் துப்பினான்.

"அன்னிக்கு ஏன் புள்ள கேக்கல?" என்று ஒரே ஒரு முறை கேட்டான். அதற்கே இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

வேலாத்தாள் எழுந்து மழையில் நடந்தாள். நேராகக் கரட்டுச் சரிவுக்குப் போய், பன்றிகளின் முன்னால் நின்று கத்தினாள்.

"பாவாயி! ஏ பாவாயி! கீழ வாடி!"

வெகுநேரம் கழித்துப் பாவாயி வந்தாள். நடந்து வரவில்லை, காலை இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய பின்னங்கால் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது.

"என்னடி இது?"

"கல்லு குத்தினது. போன கோடையில."

"போன கோடையிலயா? என்கிட்டச் சொல்லவே இல்லையேடி!"

"எப்படிச் சொல்றது? உனக்கு வைத்தியர் இருக்காரு, எனக்கு இல்ல. அதை உன்கிட்ட நானே சொல்லணுமா? அதான் மேல நின்னுக்கிட்டே வாசலைப் பத்திப் பேசுவேன். கீழ இறங்கி வந்தா கால் தெரிஞ்சுபோகும்." பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அந்த ஏற்பாடு வந்தா கால் சரியாகும்னு நெனச்சேன். அந்தச் சந்தோஷத்துலதான் அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். உங்க குளத்துல யாரோ நல்லாப் பேசிக் கெடுத்துட்டாங்களாமே?"

வேலாத்தாள் பொய் சொல்லியிருக்கலாம். மழைச் சத்தத்தில் பேசாமல் நின்றிருக்கலாம்.

"நான்தான் பேசினேன்," என்றாள். "உனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு பேசினேன்."

பாவாயி அவளையே பார்த்தாள். காட்டுப்பன்றிகளும் பார்த்தன.

"நல்லா இருக்குக்கா உன் பாசம்!" என்றாள் பாவாயி. பிறகு, "மாமாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"போயிருவாரு போல இருக்குடி."

பாவாயி பன்றிகளின் பக்கம் திரும்பினாள். "ஒரு கைப்பிடி பறிச்சுக்க விடுங்க."

"எங்க கையில இல்லம்மா. குளமே கூடி எடுத்த முடிவு. குளமே கூடித்தான் மாத்தணும்."

"அப்படின்னா கூட்டுங்க!"

மறுநாள் இரண்டு குளத்துக்காரர்களும் சரிவின் அடியில் கூடினார்கள். மரங்கொத்தியும் வந்து ஒரு கிளையில் உட்கார்ந்தது. வேலாத்தாள் தங்கையிடம் சொன்னதையே எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். தலை குனிந்தபடிதான் சொன்னாள், ஆனால் எதையும் விடாமல் சொன்னாள்.

"அட! உன்னை நம்பி நானும் ஒரு சருகு போட்டேனே!" என்றது தவளை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"என் பயமும் நிஜம்," என்றாள் வேலாத்தாள். "அதை மறைக்க மாட்டேன். ரொம்ப நாள் நோயாளிக்கு முதல் இடம் வேணும். முள்ளுல கை வெச்சு முறை பாத்த குளத்தை மறந்துடக் கூடாது. அவ்வளவுதான் கேக்கறேன்."

மரங்கொத்தி மேலிருந்து உடனே சொன்னது: "சரி!"

"என்னது?"

"சரி என்றேன். இரண்டுமே நியாயம். அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேனே, அம்மா! இதற்காகத்தானே திருத்தம் என்ன என்று கேட்டேன்?"



இரண்டு குளமும் ஒத்துக்கொண்டன. தழை கீழே வந்தது. மருதையன் மேலே போனார். ஆனால் ஐந்து குளத்துக்குமான ஏற்பாட்டை மறுபடி எடுக்கப் பெருங்காட்டுச் சபை அடுத்த மழைக்காலத்தில்தான் கூடும். அதுவரை மற்ற மூன்று குளத்து நோயாளிகளும் காத்திருக்க வேண்டியதுதான்.

சடையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவன் கிழங்கு தோண்டப் போகவே இல்லை. வேலாத்தாள்தான் இருவருக்கும் தோண்டினாள். பாவாயியின் வீக்கம் வடிந்தது. கால் மட்டும் கோணலாகவே நின்றுவிட்டது. மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் நேராக்கியிருப்பேன் என்று மருதையன் சொன்னார். வேலாத்தாள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள்.

நியாயமான குறைக்குத் திருத்தம் கேட்டு வாங்காமல், அடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாது என்ற பொறாமையில் மறுப்பவர், முதலில் இழப்பது தன் கையில் இருப்பதைத்தான்.