நாச்சிமுத்து மெஸ்ஸின் நிவேதா

ஈரோட்டில் ஒரு குரு இருந்தார். காவி கிடையாது, ஏப்ரன் உண்டு. சடாமுடி கிடையாது, தலையில் வலைத்தொப்பி உண்டு. பெயர் சம்பூர்ணம். வயசு நாற்பது. ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

சீடருக்கு ஐம்பத்து மூன்று. பெயர் நாச்சிமுத்து. தறிப்பட்டறையில் மேனேஜராக இருந்தவர். பட்டறை மூடியதும் மாஸ்டரின் அடுப்படியில் போய் வெங்காயம் உரித்து, அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளு ரசமும் கற்றுக்கொண்டு, பெருந்துறை ரோட்டில் சொந்தமாக மெஸ் போட்டார். தன்னைவிடச் சின்னவளிடம் கைகட்டி நின்றோமே என்று ஒருநாளும் கூசியதில்லை. கூச்சம் என்கிற சரக்கே அவரிடம் கிடையாது என்று பழைய தறிக்காரர்கள் சொல்வார்கள்.

அது ஒரு மதியத்தில் மொத்தமாக வந்து இறங்கியது.

மெஸ்ஸில் பார்சல்தான் பெரிய ஓட்டம். முக்கால்வாசி ஆப் வழியாக வரும். ஆப்காரர்களின் கமிஷன் போக மிஞ்சுவது கொத்தமல்லித் தழைக்குக்கூடக் காணாது. அதனால் மெஸ்ஸுக்கென்றே ஓர் இணையப் பக்கம் போட்டிருந்தார். ஆட்கள் அதில் நேராகவே ஆர்டர் கொடுக்கலாம். நடுவில் யாருக்கும் பங்கில்லை.

அந்தப் பக்கத்தின் நெற்றியில் 'சம்பூர்ணம் மாஸ்டர் கைப்பக்குவம்' என்று போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் அவருடைய ஆசை. அந்தப் பெயருக்கு ஈரோட்டில் தனி மரியாதை. போட்டால் கடை நிமிரும். போடாவிட்டால் இந்த ஆடியைத் தாண்டுமா என்பதே சந்தேகம்.

"வந்து பாத்துட்டுச் சொல்றேனுங்ணா" என்றிருந்தார் மாஸ்டர். இதோ வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ரசத்தை ஒரு மிடறு குடித்து, தலையையும் அசைத்துவிட்டார்.

நாச்சிமுத்துவுக்குத் தைரியம் வந்தது.

"மாஸ்டர், ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்ணா."

"ஆப்பையும் வெச்சுக்கிட்டு, நேர் ஆர்டரையும் வெச்சுக்கிட்டு, ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு நிக்கறனுங்க. எதை வெச்சுக்கறது, எதை விடறது?"

"ஆப்புல சோறு கேக்கறது யாருங்ணா?"

"யாரோ ஒருத்தருங்க."

"நேரா கேக்கறது?"

"அது நம்ம ஆளுங்க."

"யாரோ ஒருத்தர் எப்பிடி நம்ம ஆளாவாரு?"

நாச்சிமுத்துவின் மீசை துடித்தது. இந்தக் கேள்வி எப்போது வரும் என்றே காத்திருந்தவர்போல தன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அதுக்குத்தானுங்க ஒரு வித்தை வெச்சிருக்கேன். பாருங்க."

வித்தை பழசுதான். தறிப்பட்டறையிலேயே முதலாளி இருமுவதுபோல வாசலில் நின்று இருமி, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் தறிக்கு ஓடவிட்டவர். போலீஸ்காரர், பஸ் கண்டக்டர், மாமியார் என்று எந்தக் குரல் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பேசுவார்.

டிங்ங்... டிங்ங்... ஆப் கூவியது.

அரிசிம்பருப்பு ஒன்று. கொள்ளு ரசம் ஒன்று. பெயர் சென்னியப்பன்.

சோற்று அண்டா அவர் முழங்கை அருகில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து மாஸ்டரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு 'இருப்பு இல்லை' என்று அமுக்கினார். ஆர்டர் மறைந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆர்டரில் பார்த்துக் குறித்துக்கொண்ட நம்பரைக் கூப்பிட்டார்.

"சத்தமா வையுங்ணா. நானும் கேக்கறேன்" என்றார் மாஸ்டர்.

"வணக்கம் சார்! ஆப்லருந்து நிவேதா பேசறேன் சார்! மிஸ்டர் சென்னியப்பனுங்களா சார்?"

அந்த மீசைக்குக் கீழேயிருந்து இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். சர்க்கரையில் புரட்டிய குரல், மூச்சுக்கு ஒரு சார். பார்சல் கட்டும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"ஆமாங் கண்ணு" என்றது ஒரு கிழக்குரல். "போன வாரமும் நீதான கூப்ட்ட? அன்னிக்கு நான் பேசறதுக்குள்ள வெச்சுட்ட."

நாச்சிமுத்துவுக்கு ஞாபகமில்லை. எத்தனையோ பேரைக் கூப்பிடுகிறார்.

"சாரி சார். டெக்னிக்கல் ப்ராப்ளம் சார். உங்க ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு சார். எங்க ஆப்புல இப்படித்தான் சார் அடிக்கடி ஆகுது. நீங்க நாச்சிமுத்து மெஸ்ஸோட சொந்தப் பக்கத்துலயே நேரா போட்டுட்டீங்கன்னா..."

"அது கெடக்குது. உன்னைய யாராச்சும் திட்டுனாங்களா?"

நிவேதா திகைத்தாள். "இல்லைங்க சார்..."

"தொண்டை கம்முது பாரு. நாள் பூராவும் ஊர்ச்சனத்தோட வசவைக் கேட்டுக்கிட்டு, பாவம். நான் புகாரெல்லாம் போட மாட்டேன் கண்ணு. உன்ற வேலைக்கு ஒண்ணும் ஆகாது. பயப்படாத."

நாச்சிமுத்து ஓரக்கண்ணால் மாஸ்டரைப் பார்த்தார்.

"நேரா போடறது எனக்காகாது. சோத்துக்கு ஆர்டர் போட்டுவிடறது எம் மக, சிங்கப்பூர்லருந்து. எனக்குக் கண்ணு அத்தனை தெரியாது. வண்டி எந்த முக்குல வருது, கதவுக்கு வந்துருச்சான்னு அவ ஆப்புல பாத்துக்கிட்டே இருப்பா. என்ற கைக்கு வந்துருச்சுன்னு தெரிஞ்சாத்தான் அவ சாப்பிட ஒக்காருவா."

பார்சல் பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொண்ணு கண்ணு. அந்த மெஸ்காரருக்குப் போன் கீன் பண்ணிச் சத்தம் போட்டுராதீங்க. நல்ல மனுசன். ரசத்துல உப்பு ஒருநாளும் தப்புனதில்லை. இப்பிடி ஆச்சுன்னா அவருக்குச் சங்கடமாப் போயிரும்."

"செரிங்க சார்" என்றாள் நிவேதா. அந்த 'சார்' மட்டும் ஆண்குரலில் விழுந்தது.

போனை வைத்தார். காது மடல்கள் கொதித்தன. முழங்கையருகில் அண்டா இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் மூடியை எடுத்து மூடினார். மூடி டணாரென்று சத்தம் போட்டது.

மாஸ்டர் கேட்டார்: "நம்ம ஆளு ஆயிட்டாருங்களா?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"மறுபடி கூப்புடுங்ணா. இந்தத் தடவை நீங்க பேசுங்க."

"மாஸ்டர்..."

"கூப்புடுங்க."

மணி அடித்தது. கிழவர் எடுத்தார். நாச்சிமுத்து வாயைத் திறந்தார். பதற்றத்தில், பழக்கத்தில், "வணக்கம் சார்..." என்று நிவேதாதான் வந்தாள்.

"அட, நீயா கண்ணு? சாப்ட்டியா?"

கல்லாவில் உட்கார்ந்தபடி எத்தனையோ பேரிடம் அவர் கேட்ட கேள்விதான். தன்னிடம் ஒருவர் கேட்டு, பதில் சொல்ல நாக்கு எழாமல் நிற்பது இதுதான் முதல் தடவை.

"ஐயா... நாச்சிமுத்து பேசறனுங்க. மெஸ்காரன்."

"வாங்க, வாங்க! அந்தப் புள்ளையும் அங்கதான் இருக்குதா? அதை ஒண்ணும் சொல்லிராதீங்க..."

"அந்தப் புள்ள நாந்தானுங்க."



"வெளங்கலீங்களே."

பொய் ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"ஆப்புல ஒண்ணும் ஆகலீங்க. சோறு இருக்குது. நாந்தான் இல்லைன்னு அமுக்கினேன். நாந்தான் பொண்ணு மாதிரிப் பேசினேன். நேர் ஆர்டர் வருமேன்னு..."

"போன வாரமுங்களா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு எம் மக அந்தி வரைக்கும் சாப்பிடலீங்க."



கிழவர் திட்டுவார் என்று நாச்சிமுத்து காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"நல்லாப் பேசுச்சுங்க அந்தப் புள்ள" என்றார் கிழவர். போனை வைத்துவிட்டார்.

பார்சல் பெண்கள் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்கள். நாச்சிமுத்து தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டை எடுத்தால் மாஸ்டர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"மாஸ்டர், உங்க பேரை இனி நான் கேக்க மாட்டனுங்க" என்று துண்டுக்குள்ளிருந்தே சொன்னார்.

மூடி திறக்கும் சத்தமும் கரண்டிச் சத்தமும் கேட்டன. துண்டை இறக்கிப் பார்த்தார். மாஸ்டர் சோற்றைப் பெட்டியில் அழுத்தாமல் நிரப்பி, ரசத்தைத் தனியாக ஊற்றி, கட்டி, அவர் முன்னால் வைத்தார்.

"பேரு கெடக்கட்டுங்ணா. சோறு ஆறுது."

"வீடு எங்கன்னு தெரியாதுங்களே. ஆர்டரோட வெலாசமும் போயிருச்சு."

"அவருகிட்டயே கேளுங்க."

"மறுபடியுமா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க மாஸ்டர் கேக்கறது?"

மாஸ்டர் போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இருக்கறது ஒண்ணுதானுங்களே அண்ணா."