ஏழாம் கட்டிலின் கோடு

ஓய்வுபெறப்போகும் ஆஸ்பத்திரி ஊழியர்களிடம், சேமநிதி மொத்தத்தையும் தன் பங்குத் திட்டத்தில் போடச் சொன்னார் முதலீட்டு ஆலோசகர் சந்திரமௌலி. ஆயா உமையாள் மட்டும் அவர் தந்த படிவத்தில் கையெழுத்திடவில்லை. முப்பது வருஷ உழைப்பாயிற்றே!

“ஆயாவுக்கென்ன தயக்கம்? எந்த வரைபடக் கோட்டைக் காட்டினாலும் நாளைய நிலவரம் சொல்லுவேனாக்கும்!”

தலைப்பும் கடைசி நாளும் தெரியாமல் மடித்த வரைபடம் ஒன்றை உமையாள் நீட்டினாள்.

“அடேயப்பா, என்ன ஏற்றம்! நாளைக்கு இன்னும் ஏறும். இருக்கிறதையெல்லாம் இதிலேயே போடலாம்!”

“ஐயோ சார், வாயைக் கழுவுங்க!” உமையாள் மடிப்பைப் பிரித்தாள். “இது ஏழாம் கட்டில்காரரோட காய்ச்சல் அட்டை. நூத்திநாலு டிகிரி. இன்னும் ஏறியிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டாரு. மறுநாளே இறங்கிடுச்சு.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சந்திரமௌலிக்குக் குப்பென்று வியர்த்தது. உமையாள் அவர் நெற்றியில் புறங்கை வைத்துப் பார்த்தாள்.

“உங்களுக்கும் ஏறுது சார், உட்காருங்க.”

கையெழுத்திடாத படிவத்தாலேயே அவருக்கு விசிறிவிட்டாள்.