காவல் படியை நிறுத்திய ஓலை

அரிமருதன் என்று ஒரு ராஜா. அவர் மேலேயே ஒரு பொம்பளை வழக்குப் போட்டாள். அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லப் போகிறவரும் அவரேதான். சிரிக்காதீர்கள், அந்த நாட்டில் நியாயத்துக்கு வேறு வாசல் கிடையாது.

வழக்கு இதுதான். பூவரசம்பட்டி என்ற ஊரில் மேலத்தெருவும் கீழத்தெருவும் தேரோட்டத்துக்குத் தேரோட்டம் வெட்டிக்கொள்ளும். வெள்ளைத்தாயி என்பவள் பத்துப் பேரைச் சேர்த்தாள். அவர்கள் கையில் கம்பும் கிடையாது, கத்தியும் கிடையாது. எங்கே முறைப்பு கிளம்புகிறதோ அங்கே போய் நடுவில் நின்று, பேசியே கலைத்துவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு நெல்லுப்படி தருவதாக அரண்மனை முத்திரை போட்டுக் கொடுத்தது. ஒரு வருஷம் தந்தது. அப்புறம் பிரதானி ஏகாம்பரம் ஒரே வரியில் நிறுத்திவிட்டார். அடுத்த தேருக்கோ இன்னும் எட்டே நாள்.

"ஏன் நிறுத்தினீர்?" என்று ராஜா கேட்டார்.

"போன தேருக்கு அந்த ஊரில் ஒரு கீறல்கூட விழவில்லை, மகாராஜா. ஆபத்தே இல்லாத ஊருக்குக் காவல் எதற்கு?"

"நாங்க நடுவுல நின்னதாலதான் சாமி விழல," என்றாள் வெள்ளைத்தாயி. "அதுக்கு முந்தின தேர்ல எங்க அண்ணன் செத்தான். படி இல்லேன்னா என் ஆளுங்க கூலி வேலைக்கு வெளியூர் போயிருவாங்க. எனக்குப் பயமா இருக்கு."

பிரதானி கொட்டாவி விட்டார். ராஜாவுக்கும் பசி நேரம். "பிரதானி சொல்வது சரியாகத்தான் படுகிறது. வழக்குத் தள்ளுபடி," என்றுவிட்டார்.

தீர்ப்பை ஓலையில் எழுதுகிற ராயசம் பேச்சிமுத்து, எழுத்தாணியைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "பூவரசம்பட்டிக்கு மட்டும் என்று எழுதட்டுமா, ஐயா?"

"உமக்கு மூளை இருக்கிறதா?" என்று பிரதானி சீறினார். "எங்களுக்கு மட்டும் ஏன் என்று நாளைக்கே இன்னொரு வழக்குப் போடுவாள். யாருக்கும் விலக்கில்லை என்று போடும். ஆபத்து நேராத இடத்தில் காவலுக்குப் படி இல்லை, இன்றே அமல்."

சொன்னது சொன்னபடி ராயசம் எழுதினார். ராஜா முத்திரை போட்டார். முத்திரை விழுந்த ஓலையை அரண்மனையில் வாசல் வாசலாகப் போய் வாசிக்க வேண்டும், அது அங்கே வழக்கம். ராயசம் முதலில் எங்கே போனார் தெரியுமா? நேரே அடுக்களைக்கு.

ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலையில் சீரகச் சம்பாச் சோறு, ஆவி பறக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு. கையை வைக்கப் போனவர் அப்படியே நிறுத்தினார். "விஷம் இருக்கிறதா என்று முதலில் தின்று பார்ப்பானே சடையன், அவன் எங்கே?"

"மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான், மகாராஜா," என்றார் ராயசம். "பன்னிரண்டு வருஷமாகத் தின்று பார்க்கிறான், ஒருநாளும் வயிற்றுவலிகூட வந்ததில்லையாம். ஆபத்து நேராத இடம். ஓலையை வாசித்தேன், படி இல்லை என்றதும் கிளம்பிவிட்டான்."

ராஜா குழம்பைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பிரதானியைப் பார்த்தார். "ஆபத்து இல்லை என்றவர் நீர்தானே. ஒரு வாய் எடும்."

பிரதானிக்கு வியர்த்துவிட்டது. "இன்றைக்கு எனக்கு விரதம், மகாராஜா."

"காலையில் என் எதிரே எட்டு இட்லி தின்றீரே?"

"அதற்கப்புறம் தொடங்கிய விரதம்."

ராயசம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "குழம்பில் விஷம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பிரதானி தம்முடைய வாதத்தைத் தாமே வாயில் வைக்க மாட்டார் என்பது மட்டும் தெரிந்துபோயிற்று."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. "அந்த ஓலையைக் கிழித்துப் போடும். மூன்று வருஷம் என்று முத்திரை போட்டால் மூன்று வருஷம்தான். வெள்ளைத்தாயிக்கு இன்றைக்கே நெல் போகட்டும். சடையனைக் கூட்டிவரக் குதிரை அனுப்பும். ராயசம், உமக்கும் இலை போடச் சொல்கிறேன். என்னோடு உட்கார்ந்து சாப்பிடும்."

"பெரும் பாக்கியம், மகாராஜா," என்று பணிவாகக் கும்பிட்டுவிட்டு, பேச்சிமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். "சடையன் வந்துவிடட்டும்."