மூன்று தரம் கூப்பிட்டாயிற்று

வக்கீலாக இருந்த இருபது வருஷமும் செங்கல் சூளை ஆட்களுக்கும் குடிசை இழந்தவர்களுக்கும்தான் ஞானசௌந்தரி வாதாடினார். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தே மனு எழுதிக் கொடுத்த கை அது. அவர் நீதிபதியான அன்று கோர்ட்டு வாசலில் நின்று கண் கலங்கியவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அவரிடம் ஒரு காலத்தில் ஜூனியராக இருந்தவர் இளமாறன். நாற்பது வயதில் மாஜிஸ்திரேட் வேலைக்குத் தேர்வாகி, ஒரு வாரப் பயிற்சிக்கு அவரிடமே வந்திருந்தார். மனதில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் கேட்டுவிட்டார்.

"அம்மா, அப்போ ஏழைங்க பக்கம் நின்னீங்க. இந்த நாற்காலியில உக்காந்த பிறகு யார் பக்கம் நிக்கிறது?"

ஞானசௌந்தரி கருப்பு அங்கியை மாட்டிக்கொண்டே சிரித்தார். அவரையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் நடந்தார்.

அன்று கன்னியம்மா என்ற இருளர் பெண்ணின் வழக்கு. ஏரிக்கரையில் இருக்கும் பதினோரு குடிசைகளை இடிக்கக் கூடாது என்று, வக்கீல் வைக்க வழியில்லாமல் தானே மனுப் போட்டிருந்தாள். டவாலி முனிரத்தினம் வாசலில் நின்று மூன்று தரம் அவள் பேரைக் கூவினார். யாரும் வரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, மனுவைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்றார். தள்ளினால் மறுநாளே குடிசைகள் போய்விடும்.

நீதிபதி இளமாறன் பக்கம் திரும்பினார். "நீங்களா இருந்தா?"

"மூணு தரம் கூப்பிட்டாச்சு. சட்டப்படி தள்ளுபடிதான் அம்மா."

மத்தியானம் பார்க்கலாம் என்று நீதிபதி அந்த வழக்குக் கட்டை ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். இளமாறனிடம், வெளிவாசலுக்கு அப்பால் ஒரு புங்கமரம் இருக்கிறது, அங்கே போய்ச் சாப்பிடுங்கள், ரெண்டு மணிக்கு டவாலி கூப்பிடுவார், உடனே வந்துவிடுங்கள் என்றார்.

மரத்தடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தவரைப் பார்த்து ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

"உங்களையும் விரட்டிட்டாங்களா சார்?"

போன வாய்தாவுக்கு வராந்தாவில் உட்கார்ந்தார்களாம். வக்கீல்கள் நடக்கிற இடம் என்று யாரோ ஒரு குமாஸ்தா எழுப்பிவிட்டாராம். அதிலிருந்து இந்த மரம்தான். விடியற்காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டோம் என்றாள்.

"பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னாங்க. காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். இன்னும் கூப்பிடல சார்."

"உங்க பேரு?"

"கன்னியம்மா."

இளமாறன் கையில் எடுத்த கவளத்தைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டு, மத்தியானம் மறுபடி கூப்பிடுவார்கள் என்று அவளிடம் சொன்னார்.

மணி ரெண்டு ஆயிற்று. லாரி போனது, பஸ் போனது. அவரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார். ரெண்டரைக்கு மேல் பொறுக்கமுடியாமல் எழுந்து உள்ளே ஓடினார்.

வாசலில் முனிரத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். "உங்க பேரை மூணு தரம் கூப்பிட்டேன் சார். வரலைன்னு அம்மா குறிச்சுக்கிட்டாங்க."

இளமாறன் மேடையருகே போய்த் தலைகுனிந்து நின்றார். கன்னியம்மா காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறாள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்போ தீர்ப்பு அவங்களுக்குத்தானே அம்மா?"

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போய் கூட்டிக்கிட்டு வாங்க. அவங்க இன்னும் பேசவே இல்லையே."