மேல்கொட்டாம்பாக்கத்தின் நாற்றமில்லாத பீர்

மேல்கொட்டாம்பாக்கத்துக்காரர்களுக்கு மூளை என்பது விருந்தாளிக்காக எடுத்து வைத்த பீங்கான் தட்டு மாதிரி. எல்லா வீட்டிலும் உண்டு. கீறல் விழுந்துவிடுமே என்று யாரும் வெளியே எடுப்பதில்லை. அதை ரொம்பவும் பத்திரமாக வைத்திருந்தவர் தணிகாசலம்.

அவர் மகள் பூங்கோதைக்குக் கீழ்க்கொட்டாம்பாக்கத்து மார்க்கபந்துவின் பையனைப் பேசியிருந்தார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் மார்க்கபந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “வீட்லயே பீர் போடறீங்களாமே. ஞாயித்துக்கிழம வந்து குடிச்சுப் பாக்கறேன். இப்பவே சொல்லிடறேன், துளி நாத்தம் இருந்தாலும் சம்பந்தம் கெடையாது.”

பெண் என்ன படித்திருக்கிறாள், பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அதெல்லாம் சில்லறை விஷயம். வீட்டில் பீர் காய்ச்சலாமா, சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்கவில்லை. சட்டம் அந்தப் பக்கம் வந்தே ரொம்ப காலமாகிறது.

அவர் போனதும் தணிகாசலம் பிளாஸ்டிக் பீப்பாயின் மூடியைத் திறந்து மூக்கை நீட்டினார். அழுகின முட்டை. மகளுடைய கல்யாணமே அதற்குள் கிடந்து அழுகுவதாகத் தோன்றியது.

பெங்களூரில் பீர் காய்ச்சும் சாமான் விற்ற பிரான்சிசுக்குப் போன் போட்டார்.

“முட்ட நாத்தம் சகஜம் சார். நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. அதுபாட்டுக்குத் தானாப் போயிடும்.”

தணிகாசலம் தம்பி ஏகாம்பரத்தையும் மச்சான் நடேசனையும் கூட்டி வைத்துக் கேட்டார்: “போயிடும்னு சொல்லிட்டான். எந்த வழியாப் போவும்னு சொல்லல.”

“வாசல் வழியாப் போனா நாலு பேரு பாப்பாங்கண்ணா. பொண்ணு இருக்கிற வீடு,” என்றான் ஏகாம்பரம். “கொல்லப்பக்கமாப் போவட்டும்.”

“வந்த வழியாத்தான் மாமா போவும்,” என்றான் நடேசன்.

“எந்த வழியாடா வந்துது?”

யாரும் பார்க்கவில்லை. ஆகவே இரண்டு கதவையும் திறந்து வைத்து, பீப்பாய் மூடியையும் கழற்றிவிட்டு, மூவரும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள். நாற்றம் வெளியே வந்தது. போகவில்லை. கூடத்திலேயே அவர்களோடு நின்றது. வாசல் வழியாக ஒரு தெருநாய் வந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, கொல்லை வழியாகப் போனது. அன்றைக்கு அந்த வீட்டில் விவரத்தோடு நடந்துகொண்ட ஜீவன் அது ஒன்றுதான்.

மறுநாள் வெண்ணெய் வாசனை.

“நல்லதுதான் சார்,” என்றான் பிரான்சிஸ். “ஈஸ்ட்டுக்கு உயிர் இருக்கு. அந்த வெண்ணெய அதுவே தின்னுடும். கொஞ்சம் கதகதப்பா வச்சுக்குங்க, போதும்.”

பீப்பாய்க்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டார்கள். நடேசனுக்கு மனசு ஆறவில்லை. “வெறும் வெண்ணெய எப்படி மாமா திங்கும்? நாம திம்போமா?” என்று கண் கலங்கக் கேட்டான். நியாயம்தானே என்று ஏகாம்பரம் சுடச்சுட நாலு இட்லியைப் பிட்டுப் போட்டான். சட்னி காரம், உயிருள்ள ஜீவனுக்கு ஆகாது என்று தணிகாசலம் தடுத்துவிட்டார். அவ்வளவு யோசனை அவருக்கு.

அப்புறம் வந்தது புளித்த நாற்றம். பிரான்சிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போனிலேயே கேட்டது. “கிருமி பூந்திருக்கு சார். உள்ள கைய விடறதுக்கு முன்னால சோப்புப் போட்டுக் கழுவணும், தெரியுமா தெரியாதா?”

அதுவரை யாரும் உள்ளே கையை விட்டதில்லை. ஆனாலும் கழுவச் சொல்லியிருக்கிறான். முழங்கை வரைக்கும் சந்தன சோப்புப் போட்டுக் கழுவினார்கள். கழுவின கையைச் சும்மா வைத்துக்கொண்டு என்ன செய்வது? உள்ளே விட்டார்கள்.

சனிக்கிழமை அந்த பீரை மோந்தால் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் மாதிரி இருந்தது. தணிகாசலம் மறுபடி போன் போட்டார். “பிரான்சிஸ், நாளைக்கு என் பொண்ணு வாழ்க்கப்பா.”

“ஒவ்வொண்ணா எடுத்துட்டு மோந்து பாருங்க சார். எத எடுத்தா நாத்தம் போவுதோ, அதுதான் காரணம். ஆள விடுங்க!”

குல்லாயை எடுத்தார்கள், மோந்தார்கள். இருந்தது. ஸ்வெட்டரை எடுத்தார்கள். கட்டில், காலண்டர், மின்விசிறி எல்லாவற்றையும் எடுத்தார்கள். அப்புறம் இருவரும் நடேசனைப் பார்த்தார்கள்.

“என்ன மாமா, என்னையா?”

“சந்தேகம்னு வந்துட்டா சொந்தம் பாக்கக் கூடாதுடா.”

நடேசனைத் தெருக்கோடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மோந்தார்கள். அப்போதும் இருந்தது. நடேசன் கௌரவமாகத் திரும்பி வந்தான்.

தணிகாசலம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாகப் பீங்கான் தட்டை வெளியே எடுத்தார். “ஒண்ணே ஒண்ணுதான் இன்னும் எடுக்கல.”

“எதுண்ணா?”

“பீர்.”

பீரைச் சாக்கடையில் கொட்டி, பீப்பாயைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து மோந்தார்கள். மூன்று முறை மாறி மாறி மோந்தார்கள். நாற்றம் அடியோடு போயிருந்தது. தணிகாசலம் தேம்பிவிட்டார். உடனே போன் போட்டு, “நாத்தம் பீர்லதான் இருந்துதுப்பா, எடுத்துட்டோம்,” என்று நன்றி சொன்னார். அதற்குப் பிறகு பிரான்சிசின் போன் அணைந்தே கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கபந்து காரில் வந்து இறங்கினார். தணிகாசலம் பீப்பாயின் குழாயைத் திறந்தார். கிளாஸ் நிறைய ஆகும் நேரம் பொறுத்து மூடினார். கிளாசை நீட்டினார். மூலையில் எங்கேயாவது கொஞ்சம் நாற்றம் ஒளிந்திருந்தால்?

மார்க்கபந்து கிளாசுக்குள் மூக்கை விட்டார். கண்ணை மூடினார். அண்ணாந்து குடித்தார்.

“நாத்தம்…” என்று இழுத்தார்.

“சம்பந்தி!”

“துளிகூட இல்ல. கொஞ்சம் லேசா இருக்கு, வெயிலுக்கு நல்லது. இன்னொண்ணு ஊத்துங்க.”

தட்டு மாற்றிக்கொண்டார்கள். சந்தோஷத்தில் எல்லோரும் கிளாஸ் கிளாசாகக் குடித்தார்கள். “போதும் மாமா, ஏறிடும்,” என்று நடேசன்தான் குழாயை இறுக்கி மூடினான்.

கிளம்பும்போது மார்க்கபந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். “குடிச்சுட்டு வண்டி ஓட்டக் கூடாது. எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கெடையாது.”

ஓட்டத் தெரிந்த மற்றவர்களும் குடித்திருந்தார்கள். ஆகவே இன்ஜினைத் தொடாமல் காரைத் தள்ளிக்கொண்டே கீழ்க்கொட்டாம்பாக்கம் போய்ச் சேர்வது என்று முடிவானது. ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தால் ஓட்டினது மாதிரி ஆகிவிடும் என்று மார்க்கபந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மூன்று பேரும் பின்னாலிருந்து மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். ஏரிக்கரைத் திருப்பத்தில் ரோடு திரும்பியது. கார் திரும்பவில்லை.

முழங்கால் தண்ணீரில் போய் நின்ற காரிலிருந்து மார்க்கபந்து கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

“பாத்தீங்களா சம்பந்தி? யாருமே ஓட்டாததுக்கே இப்படி. குடிச்சுட்டு நான் ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்!”